பல ஊர் உறுப்புகள், ஒரு சைக்கிள்

பழமையைப் போற்ற வேண்டும் என்று பேசும்பொழுது நம் மனம் கோயில்களையும் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையுமே நாடுகின்றது. நேற்றைய இரும்பைப் பழமை என்று எவரும் எண்ணுவதில்லை. பாட்டனார் ஓட்டிய சைக்கிள் மாடிப்படியின் அடியில் துருவேறிக் கிடக்கின்றது. வீடு மாற்றும் நாளில் அது எடைக்குப் போடப்படுகின்றது. ஆயினும் அந்தச் சைக்கிளின் உறுப்புகளிலும் எழுத்துகள் உண்டு; எண்கள் உண்டு; சின்னங்கள் உண்டு. அவற்றைப் படிக்கக் கற்றவர்க்கு அந்த வண்டி எங்கே பிறந்தது, எந்த ஆண்டில் எவ்வுறுப்பு மாற்றப்பட்டது, எந்த நகரத்துத் தெருக்களில் ஓடியது என்பனவெல்லாம் விளங்கும்.

அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட கடிகாரமோ வானொலிப் பெட்டியோ பழுதுற்றால், அதைச் செய்த தொழிற்சாலை மறைந்திருக்குமாயின் மாற்றுறுப்புத் தேடுவது பெரும்பாடு. ஆனால் அதே வயதுடைய ஒரு சாலைச் சைக்கிளைத் தில்லியிலோ கல்கத்தாவிலோ உள்ள பழஞ்சாமான் கடைகளில் பொறுக்கிய உறுப்புகளைக் கொண்டே மீண்டும் ஓடச் செய்ய முடிகின்றது. இது எங்ஙனம் இயலுகின்றது? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். விடையைத் தேடிச் செல்லும்பொழுது இங்கிலாந்தின் துப்பாக்கித் தொழில் தொடங்கி நம் நாட்டு லூதியானா வரையில் செல்ல வேண்டியிருக்கின்றது.

இன்று நாம் காணும் சைக்கிளின் உருவம் 1885 ஆம் ஆண்டில் தோன்றியது. இங்கிலாந்தில் கவெண்ட்ரி நகரத்தவரான ஜான் கெம்ப் ஸ்டார்லி ‘ரோவர்’ என்ற பெயரில் ஒரு வண்டியை வெளியிட்டார். அதற்குமுன் வழங்கிய வண்டியில் முன்சக்கரம் ஓர் ஆள் உயரத்திற்கு இருந்தது. பெடல் அச்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தது. விழுந்தால் தலைகுப்புற விழ வேண்டியதுதான். ஸ்டார்லியின் வண்டியில் இரண்டு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே உயரம் பெற்றன. செயின் வழியே பின்சக்கரம் சுழன்றது. 1888 ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்த ஜான் பாய்டு டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்றார். இவ்விரண்டும் சேர்ந்தவுடன் சைக்கிள் விளையாட்டுப் பொருள் என்ற நிலையினின்றும் நீங்கி ஊர்தியாயிற்று.

இனித்தான் நம் பொருளுக்கு இன்றியமையாத செய்தி வருகின்றது. பர்மிங்காம் நகரத்துத் துப்பாக்கித் தொழிலாளர் 1861 ஆம் ஆண்டில் ஒன்றுகூடிப் பி.எஸ்.ஏ. என்ற நிறுவனத்தை அமைத்தனர். கையால் ஒவ்வொன்றாக இழைத்துச் செய்வதற்கு மாறாக, இயந்திரங்களைக் கொண்டு, ஒரு துப்பாக்கியின் உறுப்பு மற்றொரு துப்பாக்கிக்கும் பொருந்துமாறு செய்வதே அவர்களுடைய நோக்கம். போர்முனையில் பழுதுற்ற உறுப்பை அங்கேயே மாற்ற வேண்டுமல்லவா? துப்பாக்கிக்கு வேலை குறைந்த காலங்களில் அந்நிறுவனம் சைக்கிள் உறுப்புகளைச் செய்யத் தொடங்கிற்று. துப்பாக்கிக்காகப் பயின்ற அளவுக் கட்டுப்பாடு சைக்கிளுக்கும் வந்து சேர்ந்தது. மூன்று துப்பாக்கிகளை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய அந்தச் சின்னத்தைப் பழைய சைக்கிள்களில் இன்றும் காணலாம்.

பி.எஸ்.ஏ. தன் உறுப்புகளைப் பிறருக்கும் விற்றது. சிறு பட்டறைகள் குழாய்களையும் உறுப்புகளையும் விலைக்கு வாங்கி, சட்டத்தைப் பற்றவைத்து, தத்தம் பெயரை ஒட்டி விற்றன. இதன் பயனாக, ஊர் ஊராக வெவ்வேறு பெயரில் வெளிவந்த வண்டிகளுக்குள்ளும் அளவு ஒன்றாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் சைக்கிள் பொறியாளர் கழகம் மரைகளுக்கு ஒரு பொது அளவைத் திட்டம் செய்தது. ஓர் அங்குலத்திற்கு 26 மரை என்பது அத்திட்டத்தின் பெரும்பாலான திருகுகளுக்கு அளவு. பெடல் அச்சு தங்கும் கிண்ணங்களுக்கு மட்டும் அங்குலத்திற்கு 24 மரை என்பது வழக்கமாயிற்று. செயினின் ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் இடையே அரை அங்குலம் என்பதும் நிலைபெற்றது. இந்த அரை அங்குலம் இன்றைய புத்தம் புதிய சைக்கிளிலும் மாறவில்லை.

சாலைச் சைக்கிள் என்று நாம் குறிப்பது பால்காரரும் மூட்டை ஏற்றுபவரும் ஓட்டும் கனமான வண்டியை அன்று. நெடுந்தொலைவு விரைந்து செல்வதற்கென்று இலேசான குழாய்களாலும் ஒடுங்கிய டயர்களாலும் அமைந்த வண்டியையே அச்சொல்லால் குறிக்கின்றோம். அதன் வளர்ச்சியில் மூன்று ஆங்கிலேய நிறுவனங்களை மறக்க இயலாது. ரெய்னால்ட்ஸ் நிறுவனம் நடுவில் மெலிந்தும் பற்றவைக்கும் இரு முனைகளில் மட்டும் தடித்தும் இருக்கும் குழாய்க்கு 1897 ஆம் ஆண்டில் உரிமை பெற்றது. மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த எஃகினாலான ‘531’ என்னும் குழாயை 1935 ஆம் ஆண்டில் வெளியிட்டது. புரூக்ஸ் நிறுவனம் 1882 ஆம் ஆண்டிலேயே தோல் ஆசனத்திற்கு உரிமை பெற்றிருந்தது. ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனம் பின்சக்கரத்தின் நடுவேயுள்ள ஹப்பிற்குள் மூன்று வேகங்களை அடக்கியது.

இந்த மூன்று வேக ஹப்பின் அமைப்பு வியக்கத்தக்கது. அச்சோடு அசையாமல் இணைந்த சிறு பற்சக்கரம் ஒன்று நடுவே உள்ளது. அதைச் சுற்றி ஓடும் சிறு சக்கரங்கள் ஒரு கூண்டில் அமைந்துள்ளன. இவற்றையெல்லாம் சூழ்ந்து உட்புறம் பற்களுள்ள வளையம் ஒன்று இருக்கின்றது. செயின் கூண்டைச் சுழற்றி, வளையம் சக்கரத்தை ஓட்டினால் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடும். செயின் வளையத்தைச் சுழற்றி, கூண்டு சக்கரத்தை ஓட்டினால் வேகம் நான்கில் ஒரு பங்கு குறையும். மேடு ஏறுவது எளிதாகும். இடைப்பட்ட நிலையில் மாற்றம் எதுவும் இல்லை. 1936 ஆம் ஆண்டில் வந்த ‘ஏ.டபிள்யூ.’ என்ற வகை இவ்வாறு செயற்பட்டது. ஐம்பதுகளில் செய்யப்பட்ட அந்த ஹப்பின் மேல் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களையும், பெரும்பாலும் மாதத்தின் எண்ணையும் பொறித்திருப்பார்கள். பழைய வண்டியின் காலத்தை அறிய விரும்புவோர் முதலில் துடைத்துப் பார்க்க வேண்டிய இடம் அதுவே.

இவ்வண்டிகள் நம் நாட்டிற்கு இறக்குமதியாக வந்தன. துரைமாரும் செல்வரும் முதலில் ஏறினர். பின்னர் தபால்காரர், ஆசிரியர், எழுத்தர், மாணவர் என்று அது பரவிற்று. பல நகராட்சிகள் சைக்கிளுக்கு வரி விதித்து, பித்தளை வில்லை ஒன்றைக் கொடுத்தன. அந்த வில்லையை முன்குழாயில் கட்டிக்கொண்டு ஓட்டியவர்கள் நம் பெற்றோர் தலைமுறையில் ஏராளம். பிழைப்பை நாடித் தலைநகர் வந்த தமிழர் கரோல் பாக்கிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறி, அரசு அலுவலகங்களுக்குச் சைக்கிளில் சென்ற காலம் ஒன்று இருந்தது. அக்கரோல் பாக்கை அடுத்த ஜண்டேவாலானிலேயே இன்றும் பெரிய சைக்கிள் சந்தை இருப்பது நம்மவர்க்கு அறிமுகமான செய்தியே.

உள்நாட்டில் சைக்கிள் செய்யும் முயற்சி விடுதலைக்கு முன்பே தொடங்கியது; பம்பாயில் ஹிந்த் சைக்கிள்ஸ் 1939 ஆம் ஆண்டில் அமைந்தது. விடுதலைக்குப் பின் அது பெருந்தொழிலாயிற்று. 1949 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் முருகப்பா குழுமமும் கூடிச் சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. ஹெர்க்குலிஸ் வண்டி அங்கிருந்து வெளிவந்தது. வங்காளத்தில் சுதிர் குமார் சென்னின் முயற்சியால், நாட்டிங்காம் நகரத்து ராலே நிறுவனத்தின் துணையோடு, அசன்சாலில் சென்-ராலே தொழிற்சாலை எழுந்தது. 1951 ஆம் ஆண்டில் சோனிபத்தில் அட்லஸ் தோன்றியது.

பஞ்சாபின் கதை வேறு வகையானது. மேற்குப் பஞ்சாபின் கமாலியா என்ற ஊரைச் சேர்ந்த முஞ்சால் சகோதரர்கள் முதலில் அமிர்தசரஸ் வந்து சைக்கிள் உறுப்பு வாணிகம் செய்தனர்; நாடு பிரிந்தபின் லூதியானாவில் நிலைத்து, உறுப்புகளைச் செய்யத் தொடங்கி, 1956 ஆம் ஆண்டில் ஹீரோ சைக்கிள்ஸ் நிறுவனத்தை உருவாக்கினர். 1986 ஆம் ஆண்டில் உலகிலேயே மிகுதியான சைக்கிள் செய்யும் நிறுவனம் என்று கின்னஸ் பதிவேட்டில் அது இடம்பெற்றது. லூதியானாவின் சிறப்பு இந்த ஒரு நிறுவனத்தோடு முடிவதன்று. ஒரு பட்டறை பெடல் மட்டும் செய்யும். மற்றொன்று மட்கார்டு மட்டும் செய்யும். இன்னொன்று பிரீவீல் மட்டும் செய்யும். பர்மிங்காம் பட்டறைகள் முன்னர்க் கையாண்ட அதே முறை, சொந்த ஊரை இழந்து வந்த மக்களின் கையால் இங்கே மறுபடியும் தழைத்தது.

இவை யாவும் ஆங்கிலேய அளவுகளையே பின்பற்றின. நம் அரசு 1956 ஆம் ஆண்டில் எடை, அளவுச் சட்டத்தை இயற்றி மெட்ரிக் முறையைப் படிப்படியாக நாடெங்கும் கொணர்ந்தது. சேரும் பலமும் கிலோகிராமாயின, மைல் கிலோமீட்டராயிற்று. ஆனால் சைக்கிள் டயரின் மேல் 28 × 1½ என்ற அங்குலக் கணக்கே நின்றது. கனமான சைக்கிளின் முன்சக்கரத்தில் 32 கம்பி, பின்சக்கரத்தில் 40 கம்பி என்ற பழைய ஆங்கிலேய வழக்கும் மாறவில்லை. பின்சக்கரம் மிகுந்த சுமையைத் தாங்குவதால் அதற்குக் கம்பி அதிகம் என்பது அக்கணக்கின் பொருள். பிற நாடுகளில் இரண்டு சக்கரத்திற்கும் 36 கம்பி என்பது பொதுவாகிவிட்டபின், 40 துளையுள்ள ரிம் அங்கே அரிதாயிற்று. நம் ஊர்க் கடையிலோ அது அன்றாடச் சரக்கு. பிறந்த நாட்டில் வழக்கொழிந்த அளவை வந்த நாடு காப்பாற்றி வைத்திருக்கின்றது. பழைய வண்டி இங்கே மீண்டும் ஓடுவதற்குரிய முதற்காரணம் இதுவே.

இனி, கைமாறி வந்த உறுப்புகளைக் கொண்டு ஒரு வண்டியைச் சேர்ப்பது எப்படி என்று நோக்குவோம். தலைநகரில் நாம் சேர்த்த வண்டி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அது ஐம்பதுகளைச் சேர்ந்த ராலே சாலைச் சைக்கிள். பழைய இரும்புக் கடையில், சக்கரங்கள் இல்லாத சட்டமாக அது கிடந்தது.

முதற்கண் சட்டத்தை ஆராய வேண்டும். பெயர்த்தகடு ஏமாற்றலாம், வேறு வண்டியின் தகட்டைக் கழற்றி ஒட்டுவோர் உண்டு. ஆனால் பெடலோடு சுழலும் பெரிய பற்சக்கரத்தின் உருவத்தைப் பொய்யாக்குவது எளிதன்று. ராலேயின் பற்சக்கரத்தில் நாரைத் தலைகளைக் காணலாம். அது அந்நிறுவனத்தை வளர்த்த பிராங்க் பவுடனின் குடும்பச் சின்னம். ஹம்பர் வண்டியின் பற்சக்கரத்தில் ஐந்து சிறு மனிதர் கைகோத்து நிற்பர். பற்சக்கரமும் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால், சட்டத்தில் பொறித்த எண், குழாய்களை இணைக்கும் மூட்டுகள், முன்போர்க்கின் தலைப்பகுதி ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

அடுத்து, சட்டம் நேராக உள்ளதா என்று அறிய ஒரு நூல் போதும். பின்சக்கரம் மாட்டும் இடத்தின் ஒரு பக்கத்தில் நூலைக் கட்டி, முன்குழாயைச் சுற்றிக் கொணர்ந்து, மறுபக்கத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். ஆசனக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு புறமும் ஒன்றாக இருப்பின் சட்டம் நேரானது. வேறுபாடு மிகுந்திருந்தால் அந்தச் சட்டத்தில் பொருளும் உழைப்பும் செலவிடுதல் வீண். எத்தனை அழகிய பெயிண்டும் கோணற் சட்டத்தை நேராக ஓடச் செய்யாது.

கழற்றும் வேலையில் பொறுமை பெரிது. துருப்பிடித்த இணைப்புகளில் எண்ணெய் விட்டு ஓரிரு நாள் ஊற விட வேண்டும். பெரும்பாலான மரைகள் வலப்பக்கம் திருப்பினால் இறுகும். இரண்டு இடங்களில் மட்டும் முறை மாறும். இடப்பக்கப் பெடலும், பெடல் அச்சின் வலப்பக்கக் கிண்ணமும் எதிர்த்திசையில் இறுகுவன. இதை அறியாமல் வலிந்து திருப்பி மரையைச் சிதைத்த வண்டிகள் பழஞ்சந்தைகளில் பல. பெடல் கையை அச்சோடு பிணைக்கும் கோட்டர் ஆணியைத் தட்டும்பொழுது, அடியில் உறுதியான தாங்கி ஒன்றை வைத்தே தட்ட வேண்டும். இல்லையேல் அடியின் வேகம் முழுவதும் உள்ளேயிருக்கும் குண்டுகளின்மேல் இறங்கிக் கிண்ணத்தைப் பள்ளமாக்கும்.

உறுப்பு தேடும் கட்டத்திலேதான் பொது அளவின் அருமை புலப்படுகின்றது. பெடல் கிடைத்தது, பொருந்தியது. செயின் புதிது, பொருந்தியது. பெடல் அச்சில் பக்கத்திற்கு 11 ஆகக் கால் அங்குலக் குண்டுகள் வேண்டியிருந்தன. எந்தக் கடையிலும் அவை கிடைத்தன. வட இந்தியக் கடைகளில் குண்டை ‘சர்ரா’ என்றும், சக்கரக் கம்பியைத் ‘தீலி’ என்றும் கேட்க வேண்டும் என்பதைப் புதிதாக வந்திருக்கும் நம்மவர்க்குச் சொல்லி வைக்கின்றோம்.

ஆனால் பெடல் அச்சின் கிண்ணம் மட்டும் பொருந்தவில்லை. காரணம் வரலாற்றில் உள்ளது. மற்றவர்கள் அங்குலத்திற்கு 24 மரை என்று வைத்துக்கொண்டிருக்க, ராலே மட்டும் தன் வண்டிகளுக்கு 26 மரை என்று வைத்தது. குறுக்களவு ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் 24 மரைக் கிண்ணம் முதல் சுற்றில் ஏறுவதுபோல் தோன்றும். வலிந்து திருகினால் சட்டத்தின் மரை அழியும். பெருநிறுவனம் ஒன்று பொது வழக்கினின்றும் விலகி நின்றதன் விளைவை, எழுபது ஆண்டு கழித்து, ஆயிரக்கணக்கான கல் தொலைவில் சைக்கிளைச் சீர்செய்பவர் அனுபவிக்கின்றார். இவ்விடத்தில் கிண்ணத்தை எறிந்துவிட்டுப் புதிது வாங்கலாம் என்று எண்ணுதல் கூடாது. பழைய கிண்ணங்களையே மண்ணெண்ணெயில் கழுவி, உட்புறம் குழி விழாமல் இருந்தால், புதுக் குண்டுகளோடு மீண்டும் பூட்டுவதே தக்கது. நாமும் அங்ஙனமே செய்தோம்.

டயரிலும் இத்தகைய பொறி ஒன்று உண்டு. ‘26 அங்குலம்’ என்று எழுதியிருப்பதால் எல்லாம் ஒன்றென்று கருதலாகாது. 26 × 1⅜ என்ற டயர் அமரும் ரிம்மின் விட்டம் 590 மில்லிமீட்டர். 26 × 1¼ என்பதற்கு 597 மில்லிமீட்டர். ஏழு மில்லிமீட்டர் வேறுபாட்டில் டயர் ஏறாது, ஏறினாலும் நில்லாது. அன்றியும், கம்பிகளால் இயங்கும் பழைய பிரேக்கு ரிம்மின் உட்புறத்தை அழுத்துவது. சாலைச் சைக்கிளின் கயிற்றுப் பிரேக்கு ரிம்மின் பக்கங்களை அழுத்துவது. ஒன்றுக்குரிய ரிம் மற்றொன்றுக்கு உதவாது. ஆகையால் ரிம் வாங்கச் செல்லும்பொழுது அளவை மட்டும் அன்றி, பிரேக்கின் வகையையும் சொல்லிக் கேட்க வேண்டும். நம் வண்டிக்கு 32, 40 துளைகளுள்ள பழைய ரிம் இரண்டும், 54 என்ற ஆண்டு பொறித்த மூன்று வேக ஹப் ஒன்றும் வெவ்வேறு கடைகளில் கிடைத்தன. அவற்றை ஒன்றாகக் கோத்துக் கொடுத்தவர் சாலையோர மரத்தடியில் பட்டறை வைத்திருந்த முதியவர். சக்கரத்தை விரலால் சுண்டி, கம்பிகளின் ஓசையைக் கேட்டே எது தளர்ந்துள்ளது என்று அவர் சொன்னார்.

தோல் ஆசனம் பற்றியும் ஒரு சொல். காய்ந்து விறைத்த தோலைக் கண்டு இரங்கி, எண்ணெயில் ஊற வைப்போர் உண்டு. ஊறிய தோல் துணிபோல் தொய்ந்து ஆசனத்தின் உருவத்தை இழந்துவிடும். மெழுகு கலந்த தைலத்தைச் சிறிதளவு அடிப்புறத்தில் தடவி, நாள் பல விட்டு, முன்பக்கத் திருகைச் சிறிது சிறிதாக இறுக்குவதே முறை.

எல்லாம் கூடியபின் எழும் கேள்வி ஒன்று உண்டு. பழைய பெயிண்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடிப்பதா, இருப்பதைக் காப்பதா? நம் வண்டியின் சட்டத்தில் பொன்னிறக் கோடுகள் பாதி மங்கியிருந்தன. மேற்குழாயில், முன்பு உடையவர் ஒருவர் தம் பெயரை உருது எழுத்தில் எழுதுவித்திருந்தார். பின் மட்கார்டு லூதியானாவில் செய்தது. கேரியரை ஏதோ ஓர் ஊர்க் கொல்லர் இரும்புப் பட்டையால் அடித்துப் பொருத்தியிருந்தார். பெயிண்டு அடிப்பவர் எல்லாவற்றையும் நீக்கி, ஒரே நாளில் புதிதாக்கித் தருவதாகக் கூறினார். நாட்டிங்காமிலிருந்து வெளிவந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்க வேண்டும் என்று கருதுவோரும், லூதியானா மட்கார்டையும் கொல்லர் கேரியரையும் களைந்தெறியவே சொல்வர்.

இக்கருத்தை நாம் ஏற்கவில்லை. அந்த வண்டி நாட்டிங்காமில் இருந்தது சில நாட்கள். நம் நாட்டில் உழைத்தது பல்லாண்டுகள். தொழிற்சாலையின் பட்டியல் அதன் பிறப்பை மட்டும் சொல்லும். மாற்றப்பட்ட ஒவ்வோர் உறுப்பும் அதன் வாழ்வைச் சொல்லும். இறக்குமதி அரிதாயிருந்த காலத்தில் உள்ளூர் மட்கார்டு அந்த வண்டியை ஓட வைத்தது. காய்கறியும் கோதுமையும் சுமந்து ஒரு குடும்பத்தைப் பேணியது அந்தக் கேரியர். கோயிற் சுவரின் பிற்காலக் கல்வெட்டை, அது முதல் மன்னன் காலத்தது அன்று என்பதற்காக ஒருவர் செதுக்கி எறிவாராயின் நாம் பொறுப்போமா? ஆகவே ஓட்டத்திற்கு இடையூறான உறுப்பை மட்டும் மாற்றினோம். துருவை ஆக்ஸாலிக் அமிலக் கரைசலால், கையுறை அணிந்து, தோலிலும் அலுமினியத்திலும் படாமல் நீக்கினோம். பொன்னிறக் கோடுகளையும் உருதுப் பெயரையும் மெல்லிய துணியால் துடைத்து அவ்வாறே விட்டோம். கழற்றிய உறுப்புகளைப் பெட்டியிலிட்டு, எது எங்கிருந்தது, எதை எப்பொழுது மாற்றினோம் என்று ஏடு ஒன்றில் எழுதி வைத்தோம். பின்னால் அதைப் பெறுபவர் வேறு முடிவு கொள்ள விரும்பினால், அதற்கு வழி இருக்க வேண்டுமல்லவா?

பாதுகாப்பில் மட்டும் பழமைக்குச் சலுகை காட்டுதல் தகாது. பிரேக்குக் கட்டை, பிரேக்குக் கயிறு, டயர், டியூப், கோட்டர் ஆணி ஆகியவை புதியனவாகவே இருத்தல் வேண்டும். கோட்டர் ஆணிகள் இரண்டையும் எதிரெதிர்த் திசையில் செருக வேண்டும். அவற்றின் சரிவு ஒரே கோணத்தில் இருந்தால்தான் பெடல் கைகள் இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கும். முன்போர்க்கில் வெடிப்பு உண்டாவென்று நல்ல வெளிச்சத்தில் பார்த்தபின்னரே சாலையில் ஏற வேண்டும்.

இப்பணியில் காலம் தாழ்த்துவதற்கில்லை என்பதையும் வரலாறே சொல்லுகின்றது. பி.எஸ்.ஏ. தன் சைக்கிள் பகுதியை 1957 ஆம் ஆண்டில் ராலேக்கு விற்றது. ராலே 1960 ஆம் ஆண்டில் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு இணைந்தது. நாட்டிங்காமில் அதன் தொழிற்சாலை 2002 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. ஸ்டர்மி-ஆர்ச்சர் 2000 ஆம் ஆண்டில் தைவான் நிறுவனம் ஒன்றின் கைக்குச் சென்றது. நம் நாட்டில் சென்-ராலே 1980 ஆம் ஆண்டில் அரசுடைமையாகி, இந்தியச் சைக்கிள் கழகம் என்று பெயர் பெற்று, பின்னர் அதுவும் மூடப்பட்டது. அட்லஸ் நிறுவனத்தின் சாஹிபாபாத் தொழிற்சாலை 2020 ஆம் ஆண்டு ஜூன் 3 ஆம் நாள் வேலையை நிறுத்தியது. அந்நாள் உலகச் சைக்கிள் நாளாக இருந்தது. தொழிற்சாலைகள் மறைந்தபின் எஞ்சுவன மூன்று: பழைய வண்டிகள், அவற்றின் அளவில் இன்றும் உறுப்புச் செய்யும் பட்டறைகள், ஓசையைக் கேட்டே பழுதறியும் கைகள். வண்டி எடைக்குப் போனால் உறுப்புக்குத் தேவை குறையும்; தேவை குறைந்தால் பட்டறை வேறு தொழிலுக்கு மாறும்; பட்டறை மாறினால் மரத்தடி முதியவரின் கல்வியைக் கற்க எவரும் வரமாட்டார்.

ஆகையால் வெளி மாநிலங்களில் வாழும் நம் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ, குடியிருப்பின் பின்புறத்திலோ, ஊரிலுள்ள உறவினர் இல்லத்திலோ பழைய சைக்கிள் ஒன்று இருக்குமாயின், அதை எடைக்குப் போடுவதற்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்கு ஒதுக்குங்கள். ஈரத் துணியால் ஹப்பைத் துடைத்து ஆண்டைப் பாருங்கள். பற்சக்கரத்தின் உருவத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதை ஓட்டியவர் இருந்தால், எங்கே வாங்கினார், எந்த உறுப்பை எந்த ஊரில் மாற்றினார் என்று கேட்டு எழுதுங்கள். தில்லியின் ஜண்டேவாலானும் எஸ்பிளனேடு சாலையும், கல்கத்தாவின் பெண்டிங்க் தெருவும், பம்பாயின் சோர் பஜாரும் உங்களுக்கு வேண்டிய உறுப்பை வைத்திருக்கக்கூடும். புனேயில் விக்ரம் பெண்ட்சே சைக்கிள் காட்சிச்சாலையைக் கண்டு வந்தால், இத்தகைய வண்டிகள் எத்தனை வகையின என்பது விளங்கும்.

நாம் சேர்த்த வண்டியின் சட்டம் நாட்டிங்காமைச் சேர்ந்தது. மட்கார்டு லூதியானாவைச் சேர்ந்தது. ஆசனம் பர்மிங்காமைச் சேர்ந்தது. ரிம் எந்த ஊரினது என்று சொல்லும் எழுத்துத் தேய்ந்துபோயிற்று. ஒன்றையொன்று முன்பின் கண்டிராத இவ்வுறுப்புகள் ஒரே அச்சில் கூடி ஓடுகின்றன. முன்பிருந்தவர்கள் ஒரு பொது அளவுக்கு உடன்பட்டனர். பின்வந்தவர்கள் அதைக் கைவிடாமல் காத்தனர். அந்த அளவு வழக்கில் இருக்கும்வரையில் துருவேறிக் கிடக்கும் ஒவ்வொரு வண்டிக்கும் வாழ்வு உண்டு.